விளிம்பை ராவாதீர்!

சென்ற ஆண்டு நண்பர் ஒருவர் இல்லத்துக்கு விருந்துண்ணச் சென்றிருந்தேன். நல்ல மனிதர், தோட்டத்து லயத்தில் பிறந்து, தம் உழைப்பினால் பட்டணத்தில் கல்வீடு கட்டிக் குடியேறியவர். உண்டு முடிந்ததும் கண்ணாடி அலமாரியைத் திறந்து, பட்டுத் துணியில் சுற்றிய பழைய பதக்கமொன்றை எடுத்து என் கையில் வைத்தார். "என் பாட்டனாருக்குப் பாட்டனார் விக்டோரியா ராணியின் பட்டாளத்தில் பெற்றது" என்றார். முகத்தில் பெருமை மிளிர்ந்தது.

ஒரு புறம் ராணியின் தலை. மறு புறம், அமர்ந்திருக்கும் போர்வீரனுக்கு வெற்றிமகள் முடிசூட்டும் உருவம். மேலே 'பர்மா 1885-7' என்று பொறித்த பட்டை. உலோகம் வெண்கலம். இத்தகைய பொருள்களைப் பார்த்துப் பழகியவன் ஆதலால், முகத்தை விட்டு விளிம்பைத் திருப்பினேன். ஒரு பெயர் இருந்தது. பட்டாளத்தின் பெயரும் இருந்தது. ஆனால் பெயருக்கு முன்னே பதவியோ தொழிலோ இருக்கவேண்டிய இடத்தில், அரம் ஓடிய பள்ளமொன்று பளபளவென்று மின்னிற்று.

"இங்கே என்ன இருந்தது?" என்று கேட்டேன்.

நண்பர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, உள்ளே இருப்பவர்கள் காதில் விழாதபடி சொன்னார்: "ஸ்வீப்பர் என்று வெட்டியிருந்தது, ஐயா. பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேசும் காலம் வந்துவிட்டது. வருகிறவர்கள் எடுத்துப் பார்க்கிறார்கள். பொற்கொல்லரிடம் கொடுத்து ராவச் சொல்லிவிட்டேன்."

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அந்த நண்பரைக் குறை கூறுவதற்காக யான் இதனை எழுதவில்லை. அவர் கையில் அரத்தைக் கொடுத்தவர் எவர் என்று கேட்பதற்காகவே எழுதுகிறேன். ஒரு மனிதன் தன் முன்னோனைப் போற்றவும் வேண்டும், அவன் செய்த தொழிலை மறைக்கவும் வேண்டும் என்னும் இழிநிலைக்கு நம் சமூகம் அவனைத் தள்ளிவிட்டதே, அதைப் பற்றியே எழுதுகிறேன்.

விளிம்பின் வரலாறு

பதக்கம் என்றால் நம்மவர் முகப்பைத்தான் பார்க்கின்றனர். முகப்பில் இருப்பவர் அரசரோ அரசியோ. அவர் தலை ஆயிரமாயிரம் பதக்கங்களிலும் ஒன்றே. ஒரு பதக்கத்தை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது அதன் விளிம்பு ஒன்றுதான். அந்தச் சிறிய விளிம்பிலே, எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை வெட்டப்பட்டிருக்கும். சாதாரண மனிதனுக்குப் பேரரசு ஒதுக்கிய இடம் அவ்வளவே!

அந்த இடமும் எளிதிற் கிடைத்ததன்று. 1799 மே மாதம் 4-ஆம் நாள் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது; திப்பு சுல்தான் மாண்டார். கிழக்கிந்தியக் கும்பினியார் அதற்கென ஒரு பதக்கம் செய்வித்தனர். பர்மிங்காமில் மாத்தியூ போல்ட்டன் என்பாரின் அக்கசாலையில் அடிக்கப்பெற்று, 1808-ஆம் ஆண்டிலேதான் அது வழங்கப்பட்டது. அதன் முகப்பிலே, ஆங்கிலச் சிங்கம் மைசூர்ப் புலியை வீழ்த்தி மேலே நிற்கும். அந்தப் பதக்கம் ஐந்து வகையாகச் செய்யப்பட்டது. தளபதிகளுக்குப் பொன், அவர்க்கு அடுத்தாருக்குப் பொன்முலாம் பூசிய வெள்ளி, கீழ் அதிகாரிகளுக்கு வெள்ளி, அவர்க்கும் கீழ்ப்பட்டவர்க்கு வெண்கலம், கோட்டைச் சுவரேறிய சாதாரணச் சிப்பாய்க்கு வெள்ளீயம். வெள்ளைத்தோல் சிப்பாய்க்கும் கறுப்புத்தோல் சிப்பாய்க்கும் அவ்வீயமே என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஈயம் தோண்டி வாழ்ந்த இம்மலாய் நாட்டில் இருப்போருக்கு, ஈயத்தின் விலை என்ன, பொன்னின் விலை என்ன என்று யான் விளக்க வேண்டுவதில்லை. ஆனால் அந்தப் பதக்கத்திலே எவர் பெயரும் பொறிக்கப்படவில்லை.

1815-இல் வாட்டர்லூப் போர் நடந்தது. அதற்காக வழங்கிய பதக்கத்தில் ஆங்கிலேயர் ஒரு புதுமை செய்தனர். தளபதிக்கும் முரசறையும் சிறுவனுக்கும் ஒரே வெள்ளி. ஒவ்வொருவர் பெயரும் இயந்திரத்தினால் விளிம்பிலே பொறிக்கப்பட்டது. போரில் இறந்தவனின் உறவினருக்கும் அது கொடுக்கப்பட்டது. சாதாரணச் சிப்பாயும் பெயருடைய மனிதனே என்று அன்றுதான் பிரிட்டிஷ் சர்க்கார் உலோகத்தில் ஒப்புக்கொண்டது. பதக்கம் சேகரிப்போர் விளிம்பைக் கண்போலக் காப்பதற்குக் காரணம் இதுவே.

அந்தச் சமத்துவம் நெடுநாள் நீடித்ததா? இல்லை. மூன்றாம் பர்மியப் போரில், 'பர்மா 1885-7' என்னும் பட்டையோடு பதக்கம் கொடுத்தபோது, சுடுகிறவனுக்கு வெள்ளி என்றும், அவனுக்குச் சோறு பொங்கியவன், தண்ணீர் சுமந்தவன், காயம்பட்டவனைத் தூக்கியவன், முகாமைப் பெருக்கியவன் ஆகியோருக்கு வெண்கலம் என்றும் பிரித்தனர். 1903-4-இல் திபெத்துக்குச் சென்ற படைக்கும் அப்படியே. பனிமலையில் மூட்டை சுமந்த கூலிகளுக்கு வெண்கலம். முதல் உலகப் போரிலும் அப்படியே. சிப்பாய்களுக்கு அறுபது இலட்சத்துக்கும் மேற்பட்ட வெள்ளிப் பதக்கங்கள். சீனர், மால்ட்டாத் தீவினர், இந்தியர் முதலிய தொழிலாளர் படையினருக்கு ஏறத்தாழ 1,10,000 வெண்கலப் பதக்கங்கள்.

நண்பரின் அலமாரியில் இருந்த வெண்கலம் இந்த வரிசையைச் சேர்ந்தது. மனுதர்மம் ஓலையிலே எழுதியதைப் பேரரசு உலோகத்திலே எழுதிற்று! நம்மூரில் தெருவைப் பிரித்துச் சாதி காத்தனர். அங்கே உலோகத்தைப் பிரித்துச் சாதி காத்தனர்.

ஆயினும் வெண்கலம் இழிந்த உலோகமா? பிரிட்டிஷ் படையில் வீரத்துக்கென வழங்கும் தலையாய விருது, 1856-இல் ஏற்படுத்திய விக்டோரியா சிலுவை. அது பொன்னன்று, வெள்ளியுமன்று, வெண்கலமே! அதைப் பெற்றவனைக் கண்டால் தளபதியும் எழுந்து நின்று மரியாதை செய்கிறான். ஆகவே உலோகத்தில் இழிவில்லை. யாருக்கு எதைக் கொடுப்பது என்று தீர்மானித்தவன் மனத்திலேதான் இழிவிருந்தது. அவன் மனத்திலிருந்த இழிவை, நூறாண்டுக்கு மேல் கடந்தபின், நாம் நம் கையாலேயே அரம் பிடித்து உறுதிப்படுத்த வேண்டுமா?

மூன்று கூட்டத்தார்

பழம் பதக்கங்களைப் பற்றி நம்மிடையே மூன்று கூட்டத்தார் உளர். மூவரும் மூன்று வழியில் ஒரே கேட்டைச் செய்கின்றனர்.

முதற் கூட்டத்தார், "இவை அடிமைச் சின்னங்கள், உருக்கிவிடுங்கள்" என்பார். வீறுகொண்ட சொல்தான். ஆனால் சிந்தியுங்கள். அடிமைத்தனத்துக்குச் சாட்சி சொல்லக்கூடிய பொருளை அழித்துவிட்டால், அடிமைப்படுத்தியவனுக்குத்தானே ஆதாயம்? வெண்கலப் பதக்கம் அனைத்தையும் உருக்கிவிட்டு, "உலோகத்தில் சாதி பிரித்தார்கள்" என்று நாம் முறையிட்டால், "எங்கே, காட்டு பார்க்கலாம்" என்று கேட்பவனுக்கு எதைக் காட்டுவது? 1980-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உலகச் சந்தையில் வெள்ளி விலை வானளாவ ஏறியது. அப்போது முதல் உலகப் போரின் வெள்ளிப் பதக்கங்கள் கணக்கின்றி உலையில் விழுந்தன. விளிம்பிலிருந்த பெயர்களும் அவற்றோடு ஒழிந்தன. உருக்கினால் ஒன்றும் தேறாது என்ற காரணத்தால் வெண்கலப் பதக்கங்கள் பிழைத்தன. இழிவென்று கொடுத்த உலோகமே கூலியின் பெயரைக் காத்தது. மேன்மையென்று கொடுத்த வெள்ளி சிப்பாயின் பெயரை உலைக்குக் கொண்டு போயிற்று! இதனினும் பெரிய பாடம் வேண்டுமோ?

இரண்டாங் கூட்டத்தார், பதக்கத்தைக் குலப்பெருமைக்கு மாட்டி வைப்பவர். படத்துக்குப் பொட்டிட்டு, பதக்கத்துக்குக் கற்பூரம் காட்டுபவரும் உண்டு. பாட்டனார் எந்தப் போரில், எவரை எதிர்த்து, எதன் பொருட்டு நின்றார் என்று கேட்டால் விழிப்பார்கள். சுபேதாராக இருந்த பாட்டனுக்கு மாலை. சமையற்காரராகவோ தோட்டியாகவோ இருந்த பாட்டனுக்கு அரம்! இது முன்னோரைப் போற்றுதல் அன்று. முன்னோருக்குள்ளும் சாதி பிரித்தல்.

மூன்றாங் கூட்டத்தார் வியாபாரியும், வியாபாரி மனப்பான்மை கொண்ட சேகரிப்பாளரும். இவர்களுக்குப் பதக்கம் பண்டம். பளபளப்பாக இருந்தால் விலை போகும் என்று சாம்பலும் புளியும் இட்டுத் தேய்த்து, வெட்டிய எழுத்தை மழுக்கிவிடுகின்றனர். ஒரே மனிதன் பெற்ற மூன்று பதக்கங்களை மூன்று பேருக்கு விற்று, அவன் வாழ்க்கையை மூன்று துண்டாக்குகின்றனர். சாதாரணச் சிப்பாயின் பெயரை ராவிவிட்டு, புகழ்பெற்ற போரில் நின்ற படைப்பிரிவின் பெயரை வெட்டி ஏமாற்றுகிற மோசக்காரரும் உண்டு. ஆனால் ராவிய விளிம்பு சற்றே மெலிந்திருக்கும். நுண்ணளவுகோலை வைத்துப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இந்த மோசக்காரன் செய்ததையும் என் நண்பர் செய்ததையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அவன் பேராசையால் ராவினான். இவர் வெட்கத்தால் ராவினார். பேராசை அவனுடையது. வெட்கமோ இவருடையதன்று. அது பிறர் இவர்மீது ஏற்றியது.

ஆங்கிலேயனிடம் கற்க வேண்டியது

ஆங்கிலேயனிடம் நாம் கற்றுக்கொண்ட தீமைகள் பல. நன்மையொன்றைக் கற்கத் தயங்குவானேன்? 1942-ஆம் ஆண்டிலே, இலண்டனில் குண்டு விழுந்த நினைவு மாறாத காலத்திலே, அங்குள்ள அன்பர் சிலர் கூடி, விருதுகளையும் பதக்கங்களையும் ஆராய்வதற்கென ஒரு சங்கம் நிறுவினர். 1947-இல் மேஜர் கார்டன் என்பவர், பிரிட்டிஷ் போர்களையும் அவற்றுக்குரிய பதக்கங்களையும் தொகுத்து ஒரு நூல் வெளியிட்டார். எந்தப் போருக்கு எந்தப் பதக்கம், எந்தப் பட்டாளத்துக்கு எந்தப் பட்டை, எந்த நிற நாடா என்று அடிப்படையிலிருந்து அது கூறுகிறது.

அவர்கள் ஆராயும் முறை எளியது. விளிம்பைப் படிப்பர், பின் அப்பெயரைப் பதக்கப் பதிவேட்டில் தேடுவர். பிரிட்டிஷ் படைகளின் பதிவேடுகள் இலண்டனுக்கருகில் கியூ என்னுமிடத்திலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. இந்தியப் படைகளைப் பற்றிய பழம் பதிவேடுகள், இந்தியா மந்திரி அலுவலகத்தின் ஏனைய ஏடுகளோடு பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. பதிவேட்டில் பெயர் இருந்தால் பதக்கம் மெய், இல்லாவிட்டால் ஐயம். அதன் பிறகே அந்த மனிதன் எங்குப் பிறந்தான், எங்கு நின்றான், எப்படி முடிந்தான் என்று தேடத் தொடங்குவர்.

காகிதத்தை மட்டும் நம்பியிருக்கவும் இயலாது. 1940 செப்டம்பரில் ஜெர்மானியர் இலண்டன்மீது வீசிய குண்டுகளால், முதல் உலகப் போரில் பணியாற்றிய பிரிட்டிஷ் சிப்பாய்களின் பணிக் குறிப்புகளுள் பாதிக்கு மேல் எரிந்து சாம்பலாயின. அவ்வாறு குறிப்பிழந்த பலருக்கு, பதக்கப் பட்டியலும் விளிம்பும் விட்டுவைத்ததே வாழ்க்கை வரலாறு. காகிதம் எரிந்தது, உலோகம் நின்றது.

இதிலே நம்மவர் அறியாத புதுமையொன்று உண்டு. இரண்டாம் உலகப் போரின் பதக்கங்களைத் தன் சொந்தச் சிப்பாய்களுக்குக் கொடுத்தபோது, செலவை மிச்சப்படுத்த எண்ணிய பிரிட்டிஷ் சர்க்கார் பெயர் பொறிக்காமலே கொடுத்தது. இந்தியப் படையினருக்கு வழங்கியவற்றிலோ பெயர் பொறிக்கப்பட்டது. அதாவது, இலண்டன்வாசி ஒருவன் தன் பாட்டனின் பசிபிக் நட்சத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு "இது அவருடையதுதான்" என்று மெய்ப்பிக்கத் திண்டாடுகிறான். நம் வீட்டிலுள்ள நட்சத்திரமோ தானே பெயர் சொல்லிக் கூவுகிறது. கேட்க நமக்குக் காதில்லை!

ஆங்கிலேயரின் ஆராய்ச்சியிலும் குறையுண்டு. ஓர் அதிகாரியின் பதக்கம் ஏலத்துக்கு வந்தால், அவர் பிறப்பு, பள்ளி, திருமணம், கடிதம், வேட்டையாடிய புலி ஈறாகப் பக்கம் பக்கமாக எழுதுவர். ஒரு தமிழ்ச் சிப்பாயின் பதக்கம் வந்தால் ஒரு வரி. பகை மட்டுமே அதற்குக் காரணமன்று. அதிகாரியின் பெயர் ஆண்டுதோறும் அச்சிட்ட பட்டியலில் வந்தது. சிப்பாயின் பெயர் வரவில்லை. முத்துசாமி என்னும் பெயரை ஒரு குமாஸ்தா 'மூட்டூஸ்வாமி' என்றும் மற்றொருவன் 'முட்டுசாமி' என்றும் காதில் விழுந்தவாறு எழுதிவைத்தான். அந்தப் பெயருக்குரிய ஊர் எது, தகப்பன் யார், எந்தக் கப்பலில் இங்கு வந்தான் என்பதை இலண்டன் ஏடுகள் சொல்லமாட்டா. சொல்லக்கூடியவர்கள் நம் வீட்டுத் திண்ணையிலே அமர்ந்திருக்கும் கிழவரும் கிழவியருமே. அவர்களை நாம் கேட்பதில்லை. கேட்பதற்குள் அவர்கள் போய்விடுகின்றனர்.

பஞ்சாபியரைப் பாருங்கள். முதல் உலகப் போரில் சேவை செய்த ஏறத்தாழ 3,20,000 பஞ்சாபியரின் பெயர்கள் அடங்கிய ஊர்வாரிப் பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்திலே நெடுங்காலம் தூங்கிக் கிடந்தன. இங்கிலாந்தில் வாழும் பஞ்சாபியர் சங்கமொன்று கிரீனிச் பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து அவற்றை எடுத்து, 2021-இல் எவரும் தம் ஊரைத் தேடிக் காணுமாறு செய்தது. நாம் என் செய்தோம்? அரம் வாங்கினோம்!

வீரப்பிதற்றல் வேண்டா

இங்கே ஓர் எச்சரிக்கை. "தமிழன் போர்வீரன்" என்று மார்தட்டுவதற்காக யான் இதைச் சொல்லவில்லை. 1880-களில் சென்னைப் படைக்குத் தலைவராயிருந்து, பின் இந்தியப் படை முழுவதுக்கும் தலைவரான ராபர்ட்ஸ் பிரபு, தென்னாட்டார் போருக்கு ஆகாதவர் என்றார். வடமேற்கிலுள்ளோரே போர்க்குலத்தார் என்னும் கொள்கை வலுத்தது. சென்னைக் காலாட்படைகள் ஒவ்வொன்றாய்க் குறைக்கப்பட்டன. இது பிறப்பினால் திறமையை அளக்கும் வருணாசிரமக் கொள்கையன்றி வேறென்ன? அதனைப் பொய்யாக்கியவருள் ஒருவர் காஞ்சிபுரத்துப் பக்கத்துச் சுபேதார் சுப்பிரமணியன். சென்னைச் சுரங்கப் படையைச் சேர்ந்த அவர், 1944-இல் இத்தாலியில் கண்ணிவெடி வெடிக்கப்போன தறுவாயில் தம் உடலை அதன்மேல் வீழ்த்தித் தோழர்களைக் காத்து மாண்டார். ஜார்ஜ் சிலுவை பெற்ற முதல் இந்தியர் அவரே. கவனியுங்கள்: அவர் அதைப் பெற்றது கொன்றதற்காக அன்று; காத்ததற்காக.

பதக்கம் எப்போதும் ஒரு பக்கத்தை மட்டுமே பேசும் என்பதையும் மறத்தலாகாது. நண்பரின் பதக்கத்தைப் போன்ற வடிவமுடைய இந்தியப் பொதுப் பணிப் பதக்கத்திலே 'பேராக்' என்றொரு பட்டை உண்டு. 1875 நவம்பர் 2-ஆம் நாள் பாசிர் சாலாக்கில் ரெசிடெண்டு பர்ச் கொல்லப்பட்டதையொட்டி நடந்த போருக்காக, பிரிட்டிஷ் படையினருக்கும் இந்தியாவிலிருந்து வந்த கூர்க்கர் முதலியோருக்கும் அது வழங்கப்பட்டது. அந்தப் பட்டை அரிதென்று சேகரிப்போர் போட்டியிடுகின்றனர். ஆனால் தம் மண்ணுக்காக எதிர்த்து நின்ற மலாய்க்காரருக்கு எந்த அக்கசாலையும் பதக்கம் அடிக்கவில்லை. மகாராஜா லேலா தூக்கில் ஏற்றப்பட்டார். இந்நாட்டில் வாழும் நாம் 'பேராக்' பட்டையைக் கையில் எடுத்தால், விளிம்பிலுள்ள பெயரையும் படிக்கவேண்டும். விளிம்பில் இடம் பெறாதவரையும் நினைக்கவேண்டும்.

அவ்வாறு இடம் பெறாதவருள் பெருந்தொகையினர் நம்மவரே. 1942, 43-ஆம் ஆண்டுகளிலே சயாம் மரண ரயில் பாதைக்கு ஜப்பானியர் ஓட்டிச் சென்ற தோட்டத் தமிழரில் பல்லாயிரவர் திரும்பவில்லை. காஞ்சனபுரியிலுள்ள போர் மயானத்தில், கைதிகளாக மாண்ட நேச நாட்டுப் படையினருக்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள் ஒழுங்குபட நிற்கின்றன. அதே பாதையில், அதே வாந்திபேதியால் மாண்ட தமிழனுக்குப் பெயர் பொறித்த கல்லில்லை, வெண்கலமில்லை, ஈயமுமில்லை. 2021-இல், போர்க் கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் ஆணைக்குழுவே, முதல் உலகப் போரில் மாண்ட ஆசிய ஆப்பிரிக்க மக்களுள் குறைந்தது 1,16,000 பேர், ஒருகால் 3,50,000 பேர், பெயர் குறிக்கப்படாமலோ, நினைவுகூரப்படாமலோ விடப்பட்டனர் என்று ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. பெயர் மறைந்துபோனால் எத்தனை தலைமுறை கழித்து, எத்தனை வருத்தம் தெரிவித்தாலும் மீளாது. இத்தனை ஆயிரம் பெயரில்லா மனிதர்க்கு நடுவே, பெயரோடு தப்பி வந்த ஒருவரை, அந்தத் தோட்டியாரை, அவர் எள்ளுப்பேரன் வீட்டிலேயே அரத்துக்கு இரையாக்குவதா?

செய்ய வேண்டியது

நம் முன்னோர் களத்தில் மாண்டவனுக்குக் கல் நட்டு, அதிலே அவன் பெயரையும் செயலையும் வெட்டினர். செங்கம், தருமபுரிப் பக்கங்களிலே ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட நடுகற்கள் இன்றும் நிற்கின்றன. ஊர் ஆநிரை மீட்டு விழுந்தவன் எக்குலத்தானாயினும் அவனுக்குக் கல் நட்ட மரபு அது. உள்ளங்கையில் அடங்கும் இந்தப் பதக்கமும் ஒரு நடுகல்லே. நடுகல்லில் உள்ள எழுத்தைக் கொத்தி எடுப்பவனை நாம் என்னவென்று சொல்வோம்?

ஆகவே தோட்டத்திலும் பட்டணத்திலும் உள்ள தோழர்களுக்குச் சில சொல்வேன். வீட்டில் பழம் பதக்கம் இருந்தால் தேய்க்காதீர். கறுத்துக் கிடந்தாலும் குற்றமில்லை. விளிம்பின்மேல் மெல்லிய தாளைச் சுற்றிப் பென்சிலால் தடவுங்கள். எழுத்து தாளில் விழும். அதனை எழுத்துக்கு எழுத்து, பிழையாகத் தோன்றினாலும் திருத்தாமல், குறித்து வையுங்கள். வீட்டுப் பெரியவரை அமர்த்தி, பெற்றவர் பெயர், தகப்பன் பெயர், ஊர், இங்கு வந்த ஆண்டு, வேலை செய்த தோட்டம் ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள். ஒருவர் பெற்ற பதக்கங்களைப் பிரிக்காதீர். வறுமையால் விற்க நேர்ந்தால் விற்பதில் இழிவில்லை. ஆனால் எழுதிய குறிப்பின் படியொன்றை உடன் கொடுத்து, மற்றொன்றை வைத்துக்கொண்டு விற்பீராக. கடைக்காரர் நிறுத்துப் பார்த்து விலை சொன்னால், அவர் வாங்குவது உலோகத்தை; நீங்கள் கொடுப்பது பாட்டனை என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

நம் சங்கங்களுக்கும் ஒரு சொல். ஆண்டு விழாவில் மாலைக்கும் மேடைக்கும் செலவிடுவதில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கி, உறுப்பினர் வீடுகளிலுள்ள பதக்கங்களின் விளிம்பெழுத்துகளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் சேர்த்தால், அது நம் சமூக சரித்திரத்தின் முதல் அத்தியாயமாகும். அந்த நோட்டுப் புத்தகத்தில் வெள்ளிக்கு ஒரு பக்கம், வெண்கலத்துக்கு ஒரு பக்கம் என்று பிரிக்காதீர். சுபேதாரும் தோட்டியாரும் அகர வரிசையிலே அடுத்தடுத்து நிற்கட்டும்.

மீண்டும் என் நண்பரிடம் வருகிறேன். அன்று அவரிடம் யான் சொன்னது இதுவே: "ஆயிரம் பேர் நோயில் விழாமல் ஒரு முகாமைச் சுத்தமாக வைத்த மனிதர் உம் முன்னோர். பர்மாக் காட்டிலே துப்பாக்கி கொன்றவரிலும் பேதியும் காய்ச்சலும் கொன்றவர் பலர். துப்பாக்கி பிடித்தவன் உயிரைப் போக்கினான். துடைப்பம் பிடித்தவர் உயிரைக் காத்தார். சம்பந்தம் பேச வருகிறவர் அந்த ஒரு சொல்லைக் கண்டு எழுந்து போவாரானால், போகட்டும்! உம் மகளை எந்த வீட்டுக்கு அனுப்பலாகாது என்பதை அந்தப் பதக்கம் உமக்கு இலவசமாகச் சொல்லிவிட்டது என்று கொள்ளும்."

அவர் மறுமொழி சொல்லவில்லை. பதக்கத்தை வாங்கித் துணியில் சுற்றினார். அண்மையில் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ராவிய எழுத்தை மீண்டும் வெட்டலாமா என்று கேட்டிருந்தார். வெட்டவேண்டா என்று எழுதினேன். வெட்டினால் அது பொய்யாகும். பள்ளம் பள்ளமாகவே இருக்கட்டும். அதனருகில் ஒரு தாளில், அங்கே என்ன இருந்தது, யார் ராவினார், ஏன் ராவினார் என்று தமிழிலே எழுதி வைக்கச் சொன்னேன். பதக்கத்தின் சரித்திரத்தில் அந்தப் பள்ளமும் ஒரு பகுதி. பேரரசு செய்த அநீதிக்கு வெண்கலம் சாட்சி. நம் சமூகம் செய்த அநீதிக்கு அந்தப் பள்ளம் சாட்சி.

இரண்டு சாட்சியும் இருக்கட்டும். இனி ஒரு விளிம்பிலேனும் அரம் படாதிருக்கட்டும்!